தர்பூசணிச் சுவையில் மூன்று அமினோ அமிலங்கள்: இரண்டு டப்பா தீர்ந்த பின் எழுதும் மதிப்பீடு

கடந்த பிப்ரவரி இறுதியில் வெள்ளியங்கிரி மலையேறித் திரும்பிய மறுநாள், எங்கள் வீட்டு மாடிப்படியின் பதினான்கு படிகளையும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பின்புறமாகத்தான் என்னால் இறங்க முடிந்தது. ஏழு மலைகளையும் இரவோடு இரவாக ஏறியபோது மூச்சு வாங்கியதே தவிர, கால்கள் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. விடிந்த பிறகு மூங்கில் கம்பை ஊன்றி ஊன்றி இறங்கியபோதுதான் தொடைகள் நடுங்கத் தொடங்கின. அந்த நடுக்கம் இரண்டாம் நாள் வலியாக மாறி, நான்காம் நாள் வரை அலுவலக நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் முகத்தைச் சுளிக்க வைத்தது. இதைப் பார்த்த ஜிம் நண்பர் ஒருவர், தாம் வழக்கமாக வாங்கும் கடைக்கு என்னை அழைத்துச் சென்றார். கடைக்காரத் தம்பி, "அண்ணா, எக்சர்சைஸ் பண்றப்பவே இதைக் குடிச்சிட்டு வாங்க, மறுநாள் வலியே தெரியாதுங்க" என்று சொல்லி, பி.சி.ஏ.ஏ. எனப்படும் கிளைத்தொடர் அமினோ அமிலத் தூளை, அதாவது புரதத்தைக் கட்டும் அடிப்படைப் பொருள்களில் மூன்றை மட்டும் கொண்ட தூளை, எடுத்து மேசைமேல் வைத்தார். மார்ச் முதல் மே வரை, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் அப்படி இரண்டு டப்பாக்களைத் தீர்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏறத்தாழ இதே விலையில் கடையில் வரிசையாக நிற்கும் எல்லா டப்பாக்களிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான் என்பதால், சொல்லப் போவது அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் பொருளைப் பற்றி. 250 கிராம் டப்பாவுக்கு 1,349 ரூபாய் கொடுத்தேன். அதில் முப்பது ஸ்கூப் வரும் என்கிறது லேபிள். அதாவது ஒரு வேளைக்கு ஏறத்தாழ 45 ரூபாய். ஒரு ஸ்கூப்பில் 5 கிராம் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள், அதாவது லூசின் 2.5 கிராமும் ஐசோலூசினும் வாலினும் தலா 1.25 கிராமும் இருக்கின்றன. டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 2:1:1 என்பது இந்த விகிதந்தான். இவற்றோடு ஒரு கிராம் குளுட்டமின், கொஞ்சம் சோடியம், பொட்டாசியம், புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம், இனிப்புக்குச் சுக்ரலோஸ், நிறம், மணம். எதெது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருந்ததை இந்தத் தயாரிப்பின் முதல் நல்ல அம்சமாகக் கருதுகிறேன். எல்லாவற்றையும் ஒரு கலவைப் பெயருக்குள் அடக்கி, மொத்த எடையை மட்டும் சொல்லும் டப்பாக்களும் அதே அலமாரியில் இருந்தன, அவற்றை நான் தொடவில்லை.

மூடியைத் திறந்தால் வெள்ளித்தாள் முத்திரை இருக்கிறது. அதைக் கிழித்த பிறகு ஸ்கூப்பைத் தேடித் தூளுக்குள் முழங்கை வரை கையை விட வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் ஸ்கூப்பை ஏன் அடியில் புதைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தண்ணீரில் கொட்டியவுடன் தூள் கரைவதில்லை. முகப்பவுடர் போல மேலே மிதந்து, ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, குலுக்கக் குலுக்க நுரையாகப் பொங்குகிறது. லூசின் தண்ணீரோடு எளிதில் சேராத பொருள். அதைச் சேர வைக்க லெசிதின் பூசுகிறார்கள், இதிலும் பூசியிருக்கிறார்கள், ஆனாலும் ஷேக்கரின் கம்பிப் பந்து இல்லாமல் வெறும் பாட்டிலில் கலக்கினால் கடைசி மடக்கில் மணல் போல் நெருடுகிறது. சுவையைப் பொறுத்தவரை, முதலில் தர்பூசணி மிட்டாய், அடுத்து முகத்தில் அடிக்கும் இனிப்பு, அது அடங்கியதும் நாக்கின் பின்பகுதியில் மாத்திரையைக் கடித்தது போன்ற ஒரு கசப்பு. அந்தக் கசப்பு அமினோ அமிலங்களுக்கே உரியது; எந்தப் பழத்தின் பெயரை ஒட்டினாலும் அது முழுதாக மறைவதில்லை. அரை லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் குடிக்கலாம், கால் லிட்டரில் கலந்தால் மருந்து. ஏப்ரலில் இரண்டு நாள் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதில் தூள் கட்டி தட்டிவிட்டது. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் உள்ளேயே வைத்திருப்பது நல்லது.

இனிக் கடைக்காரத் தம்பி சொன்ன வாக்குறுதிக்கு வருகிறேன். வலி குறைந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லுமுன், அந்த வலி எதனால் வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கடும் உடற்பயிற்சிக்குப் பின் வரும் வலிக்குத் தசையில் தங்கும் லாக்டிக் அமிலமே காரணம் என்று ஜிம்களில் இன்றும் சொல்கிறார்கள். உண்மையில் பயிற்சியின்போது கூடும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிறது, நம்மைப் பின்புறமாகப் படியிறங்க வைக்கும் வலியோ மறுநாள்தான் தலைகாட்டி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1902-லேயே இந்தத் தாமத வலியைத் தசைக்குள் நிகழும் சிதைவோடு தொடர்புபடுத்தி எழுதினார். மலையிறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை, உடலின் எடையைத் தாங்கிப் பிடித்தபடியே நீள வேண்டியிருக்கிறது. சுருங்க வேண்டிய தசை இழுபட்டுக்கொண்டே வேலை செய்யும் இந்த நிலையில்தான் தசை நார்களின் நுண்ணிய அடுக்குகள் குலைகின்றன. அதைச் சரிசெய்ய வரும் அழற்சியும் வீக்கமும் நரம்புகளைக் கூச வைக்கின்றன. ஏற்றத்தில் வராத வலி இறக்கத்தில் வந்தது இதனால்தான்.

குலைந்ததைத் திரும்பக் கட்ட அமினோ அமிலங்கள் வேண்டும் என்பது உண்மை. புரதங்களைக் கட்ட உடல் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். இந்தத் தூளில் இருப்பவை அந்த ஒன்பதில் மூன்று. மற்றவற்றைப் போலன்றி இவை ஈரலில் அதிகம் சிதைக்கப்படாமல் நேராகத் தசைக்குப் போகின்றன என்பதும், அவற்றுள் லூசின் என்பது புரதக் கட்டுமானத்தைத் தொடங்கி வைக்கும் சமிக்ஞையாகவே வேலை செய்கிறது என்பதும் உறுதியான செய்திகள். விற்பனைப் பேச்சு முழுவதும் இந்த இரண்டு உண்மைகளின் மேல்தான் நிற்கிறது. ஆனால், கொத்தனாரை எழுப்பி வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டு, ஒன்பது வகைச் செங்கல் வேண்டிய இடத்தில் மூன்று வகையை மட்டும் இறக்கினால் சுவர் எவ்வளவு உயரும்? பிரிட்டனின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எடைப் பயிற்சி பழகிய பத்து இளைஞர்களுக்குப் பயிற்சி முடிந்தவுடன் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. கொடுத்தபோது தசைப் புரதக் கட்டுமானம் பி.சி.ஏ.ஏ. கலக்காத போலிப் பானம் குடித்த வேளையைவிட 22 சதவீதம் கூடியிருந்தது. பலன் இருக்கிறது என்று விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய எண்தான். ஆனால் ஒன்பது அமினோ அமிலங்களும் அடங்கிய, பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனைக் குடித்தால் கிடைக்கும் உயர்வு இதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் அதே ஆய்வாளர்கள் சேர்த்தே சொன்னார்கள். அதே ஆண்டில் ராபர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் எழுதிய திறனாய்வுக் கட்டுரை இன்னும் கண்டிப்பானது: வெறும் வயிற்றில் இந்த மூன்றை மட்டும் கொடுத்தால், விடுபட்ட ஆறையும் உடல் தன் தசையைச் சிதைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால், இவை தனியாகத் தசையை வளர்க்கும் என்ற கூற்றுக்கு ஆதாரமில்லை என்று அவர் முடித்தார்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, தசைச் சோர்விலிருந்து விரைவில் மீள்வது உட்பட, கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் பற்றிய பல கூற்றுகளை 2010-இல் பரிசீலித்து, அவற்றுக்குக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கருத்துத் தெரிவித்தது. வலியைப் பொறுத்த மட்டில் சில சிறிய ஆய்வுகள் ஓரளவு குறைவைக் காட்டியிருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஓரளவு என்பதற்கும் "வலியே தெரியாதுங்க" என்பதற்கும் இடையே உள்ள தூரம், பூண்டி அடிவாரத்துக்கும் ஏழாவது மலைக்கும் உள்ள தூரம். ஒன்றைக் கவனித்தேன்: கடையில் வாய்மொழியாகக் கிடைத்த இந்த வாக்குறுதி டப்பாவில் எங்கும் இல்லை. தசை மீட்சிக்குத் துணைபுரிகிறது என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்று சட்டப்படி போட வேண்டிய அறிவிப்பு, அவ்வளவுதான்.

என் அனுபவம் இதுதான். வலியைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு நோட்டில் எழுதி வந்தேன். பிப்ரவரியில் வெள்ளியங்கிரிக்கு மறுநாள் எட்டு. தூள் குடிக்கத் தொடங்கி ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் நடுவில் மீண்டும் அதே மலைக்குப் போய் வந்தபோது மறுநாள் ஐந்து. மாடிப்படியை நேராகவே, மெதுவாக இறங்கினேன். நண்பர், "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். என்னால் அவ்வளவு எளிதில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களில், சில வேளைகளில் சில மாதங்கள் வரையிலும், அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு செய்யக் கற்றுக்கொள்கிறது என்பது உடற்பயிற்சி அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. தூள் எதுவும் குடிக்காமலேயே என் இரண்டாவது ஏற்றத்தின் வலி குறைந்துதான் இருக்கும். போதாக்குறைக்கு, இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலையின் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன், பேருந்தில் இறங்காமல் படியிலேயே இறங்கினேன். குறைந்த அந்த மூன்று புள்ளிகளில் எத்தனை தூளுக்கு, எத்தனை படிகளுக்கு என்று எப்படிப் பிரிப்பது?

பிரித்துப் பார்க்க ஒருமுறை முயன்றோம். எந்த வாரம் தூள், எந்த வாரம் வெறும் தர்பூசணிச் சாறு என்று எனக்குத் தெரியாமல் என் மனைவி கலந்து கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நாளே முதல் மடக்கில் அந்த ஏற்பாடு முறிந்தது. அந்தக் கசப்பை எந்தச் சாற்றாலும் ஒளிக்க முடியவில்லை. எனவே ஜூன் மாதத்தில் தூளை முழுதாக நிறுத்திவிட்டு, பயிற்சியை மாற்றாமல், காலைப் பயிற்சி முடிந்ததும் நான்கு அவித்த முட்டைகள் சாப்பிட்டு வந்தேன். மருதமலைக்கு மறுநாள் எழுதிய எண்கள் தூள் குடித்த மே மாதத்திலும் இரண்டு, மூன்று. முட்டை தின்ற ஜூனிலும் இரண்டு, மூன்று. ஒரு மனிதனின் நோட்டுப் புத்தகம் எதையும் நிரூபித்துவிடாது என்பதை அறிவேன், ஆனால் அடுத்த 1,349 ரூபாயை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான்கு முட்டை என்பது போகிற போக்கில் எடுத்த கணக்கல்ல. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். அதில் கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் மூன்றும் சேர்ந்து 1.3 கிராம் அளவுக்கு இருக்கும். ஆக நான்கு முட்டையில், ஒரு ஸ்கூப்பில் இருக்கும் அதே 5 கிராம் வந்துவிடுகிறது, கூடவே டப்பாவில் இல்லாத மற்ற ஆறும் வருகின்றன, அதுவும் ஸ்கூப்பைவிடக் குறைந்த செலவில். மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டியவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

மாலை போட்டு விரதமிருந்து மலையேறுபவர்களுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும் முட்டைக் கணக்கு உதவாது என்பதால், என் சாப்பாட்டையும் ஒரு வாரம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். என் எடை 72 கிலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது எனக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதம். கடும் பயிற்சி செய்பவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் சொல்லும் அளவு கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம், அப்படியானால் நூறு கிராமுக்குக் குறையக் கூடாது. பிப்ரவரியில் விரத நாட்களில் நான் சாப்பிட்டது 60-ஐக்கூட எட்டவில்லை. நான்கு இட்லியும் சாம்பாரும் பத்துப் பன்னிரண்டு கிராமைத் தாண்டுவதில்லை. குறை அங்கேதான் இருந்தது, அந்தக் குறையை 5 கிராம் தூள் எப்படி நிரப்பும்? எங்கள் கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் இந்த விஷயத்தில் தூளைவிடக் கெட்டிக்காரத்தனமானது: அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு கொடுக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி கொடுக்கிறது, தட்டில் ஒன்பதும் சேர்ந்துவிடுகின்றன. அளவைக் கூட்டத்தான் கொள்ளு, கொண்டைக்கடலைச் சுண்டல், பன்னீர், தயிர் என்று சேர்க்க வேண்டியிருக்கிறது. சமைக்க நேரமில்லாதவர்கள் தூள்தான் வாங்குவேன் என்றால், பன்னீர் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரிலுள்ள புரதத்தைப் பிரித்துச் செய்யும் வே புரோட்டீனை வாங்கலாம். அதன் ஒரு ஸ்கூப்பில் 5 கிராம் பி.சி.ஏ.ஏ. தானாகவே இருக்கும், விலை மட்டும் கூடுதல். அதை வாங்கும்போது லேபிளில் கிளைசின், டாரின் போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். புரத அளவை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிக் கணிக்கும் பழைய சோதனைமுறைக்கு மலிவான அமினோ அமிலமும் புரதமாகவே தெரியும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

சைவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த அமினோ அமிலங்களைச் சோளம் போன்றவற்றிலிருந்து நொதிக்க வைத்தும் எடுக்கலாம், பறவைச் சிறகுகளைக் கரைத்தும் எடுக்கலாம். நான் வாங்கிய டப்பாவில் பச்சைப் புள்ளியோடு, நொதித்தல் முறை என்றும் எழுதியிருந்தது. முதலில் வேறொரு கடையில் வாங்கிய டப்பாவில் இறக்குமதியாளர் விவரமும் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது பணம் தர மறுத்து, வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பி.சி.ஏ.ஏ. தடை செய்யப்பட்ட பொருளல்ல, ஆனால் சத்துத் தூள்களில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்து பிடிபட்டால் தண்டனை வீரருக்குத்தான். ஒவ்வொரு தொகுதியும் வெளியே சோதிக்கப்பட்டதற்கான இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை இல்லாததை அவர்கள் தவிர்ப்பது நல்லது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுத்துக்கொள்பவர்களுக்கு அமினோ அமிலங்கள் அந்த மருந்து உடலில் சேர்வதில் குறுக்கிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கறுத்த காப்பி நிறத்தில் போனால், அது எந்தத் தூளாலும் தீர்க்கக்கூடியதல்ல, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

பாராட்ட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வயிற்றைத் தொந்தரவு செய்யவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எதையும் மெல்ல முடியாதவர்களுக்கு வெறும் வயிற்றுக்கு இது இலகுவாக இருக்கிறது. எல்லாவற்றையும் விட, அந்த மிட்டாய்ச் சுவைக்காகவே பயிற்சியின் நடுவில் அரை லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்தேன்; அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் இரண்டு மடக்குக்கு மேல் குடிக்காத ஆள் நான். ஏப்ரல், மே வெயிலில் அதனால் கிடைத்த தெம்பை மூன்று அமினோ அமிலங்களின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டும் லேபிளில் இருந்த நேர்மைக்கு. மூன்றாவது டப்பா வாங்கவில்லை. கம்பிப் பந்து போட்ட ஷேக்கரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் இப்போது எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போகின்றன, கடைசி மடக்கில் எதுவும் நெருடுவதில்லை.